வானமும் கணக்கேடும்

வரட்சியைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களை விமர்சிக்கப் புகுவோர் பலர், எடுத்த எடுப்பிலேயே சூரியனைக் கதாநாயகனாக்கிவிடுகின்றனர். மண் வெடித்தது, ஆறு வற்றியது, மாடு மாண்டது, மனிதன் நடந்தான். இயற்கையின் முன் மனிதன் எத்துணை அற்பன் என்று ஒரு பெருமூச்சு. பிறேசில் நாட்டின் வடகிழக்கிலே தோன்றிய புகழ்பெற்ற வரட்சி நாவல்களும் பெரும்பாலும் இவ்வாறே வாசிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்நாவல்களை நிதானமாகப் படித்தவர்க்கு இவ்வாசிப்பு எவ்வளவு மேலோட்டமானது என்பது புலனாகும். அவற்றிலே மனிதரை ஊரைவிட்டுத் துரத்துவது வானம் மாத்திரமன்று. வானம் பொய்க்கும் வேளை பார்த்துத் திறக்கப்படும் கணக்கேடும் கூடவே துரத்துகின்றது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியமையே அந்த இலக்கியத்தின் சாதனை என்பதும், அப்பிரிவினையை அந்நாட்டு அரசு விளங்கிக்கொள்ள மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

'செர்த்தாவோ' எனப் போர்த்துக்கீச மொழியில் வழங்கும் அவ்வுள்நாட்டுப் பிரதேசம் ஏறத்தாழப் பத்து இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். கள்ளியும் முட்புதரும் மண்டிய அதன் காட்டைக் 'காட்டிங்கா' என்பர். அது பாலைவனமன்று. ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடங்களையே அப்பிரதேசத்தில் அடக்குவது உத்தியோகபூர்வமான வழக்கம். அந்த மழை சில ஆண்டுகளில் ஒரு சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சில ஆண்டுகளில் வாராமலே போய்விடும். வெயிலில் ஆவியாகக் கூடிய நீரின் அளவோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றரையும் தாண்டும். மார்ச் 19ஆம் திகதி வரும் புனித சூசையப்பர் திருநாளுக்கு முன் மழை விழாவிட்டால் அவ்வாண்டு வரட்சி என்பது குடியானவரின் கணிப்பு. அந்நாளில் தேவாலயத்திலே குடியானவன் மன்றாடுகிறான். நிலப்பிரபு அதே நாளில் வேறொரு காரியம் செய்கிறான். அதற்குப் பின்னர் வருவோம்.

1877 முதல் 1879 வரை நீடித்த பெருவரட்சியிலிருந்து இவ்வரலாற்றை ஆரம்பித்தல் பொருந்தும். செயரா மாகாணத்தின் தலைநகராகிய போர்ட்டலேசாவிலே, அந்நகரின் சொந்தக் குடித்தொகையைவிடப் பன்மடங்கான அகதிகள் வந்து குவிந்தனர். பட்டினியால் நலிந்த உடல்களை அம்மை நோய் தாக்கியது. 1878 டிசெம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டதாகப் பதிவுண்டு. எஞ்சியோரிற் பெருந்தொகையினர் அமேசன் காடுகளுக்கு இறப்பர்ப் பால் எடுக்கக் கப்பலேறினர். அங்கே கருவியும் உணவும் அவர்கள் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. எடுத்த பால் அந்தக் கடனுக்கே போயிற்று.

இலங்கை வாசகர்க்கு இஃது அந்நியமான கதையன்று. பசுபிக் சமுத்திரத்து நீர் அசாதாரணமாகச் சூடேறுவதால் உண்டாகும் எல் நீனோ என்னும் நிகழ்வு 1877இல் மிகக் கடுமையாக இருந்தது. செயராவை வாட்டியதும் தமிழகத்தைத் தாது வருஷப் பஞ்சத்தில் ஆழ்த்தியதும் அந்த ஒரே நிகழ்வுதான் என்பதை இன்று விஞ்ஞானிகள் ஏற்கின்றனர். மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட நூலில் இந்தியா, சீனா, பிறேசில் ஆகிய மூன்றின் பஞ்சங்களையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். தாது வருஷத்துக்குத் தப்பிய தமிழர் பெருந்தொகையாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த அதே காலத்திலேதான் செயரா மக்கள் அமேசனுக்குக் கப்பலேறினர். வானம் கங்காணி வேலை பார்த்தது என்று கூறத் தோன்றுகிறது. ஆயின் அப்படிக் கூறுவதும் பழியை வானத்தின் தலையிலே போடுவதுதான். கங்காணியின் கையில் முற்பணமும், தோட்டத்தில் பிற்காலத்திலே 'துண்டு' எனப் பெயர்பெற்ற கடன் சீட்டும், அமேசனில் வணிகனின் பேரேடும் இருந்தன. மழை பெய்யாமை அவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. அவற்றை உண்டாக்கியது மழையன்று.

இப்பின்னணியிலேதான் ராக்கேல் டி கெய்ரோஸ் என்ற, இருபது வயது நிரம்பாத பெண், 1930இல் 'ஓ கின்ஸே' என்னும் நாவலை வெளியிட்டார். 'பதினைந்து' என்பது அத்தலைப்பின் பொருள். 1915ஆம் ஆண்டின் வரட்சியைக் குறிப்பது. சூசையப்பர் திருநாளில் நிலப்பிரபு செய்யும் காரியம் இந்நாவலிலே வருகின்றது. அந்நாளுக்குள் மழை விழாவிட்டால் மாடுகளை அவிழ்த்துக் காட்டிலே விட்டுவிடும்படி பண்ணைச் சொந்தக்காரி கட்டளை அனுப்புகிறாள். மாடுகளை அவிழ்த்துவிட்டால் மாட்டுக்காரனுக்கு வேலையில்லை. சீக்கோ பெந்தோ என்ற அந்த மாட்டுக்காரன் மனைவி மக்களோடு தெருவுக்கு வருகிறான். வரட்சி அகதிகளுக்கு அரசு இலவசமாக வழங்கும் புகையிரதச் சீட்டுகள் அவனுக்குக் கிடைப்பதில்லை. அவை வேறு கைகளுக்கு விலையாகிவிட்டன. ஆகவே குடும்பம் நடக்கிறது. பசி தாளாது பச்சை மரவள்ளிக் கிழங்கைத் தின்ற ஒரு பிள்ளை அதன் நஞ்சினால் இறக்கிறது. இன்னொரு பிள்ளை வழியிலே காணாமற்போகிறது. வழியில் அகப்பட்ட ஓர் ஆட்டைச் சீக்கோ பெந்தோ கொல்ல, அதன் சொந்தக்காரன் ஓடிவந்து இறைச்சியைப் பறித்துக்கொண்டு குடலை மாத்திரம் விட்டுச் செல்கிறான். இச்சம்பவங்களில் வானத்தின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று வாசகர் தாமே நிறுத்துப் பார்க்கலாம்.

இந்நாவலின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியை கதையைப் பண்ணை வீட்டின் விறாந்தையிலிருந்தே பார்க்கிறார். மாடுகளைக் கைவிடாது, இலைதழை வெட்டிப் போட்டு அவற்றைக் காப்பாற்றும் விசென்தே என்ற இளம் பண்ணைக்காரனே அவருடைய அனுதாபத்துக்குரிய வீரன். அவன் உழைப்பாளி, நல்லவன், நாம் மறுக்கவில்லை. எனினும் மாட்டின் உயிரைக் காப்பதே வரட்சிக்கு எதிரான வீரமாகவும், மாட்டுக்காரனின் பிள்ளைகள் சாவது துயரமான விதியாகவும் நாவலில் அமைந்துவிடுகின்றன. ஆசிரியை இதனை உணர்ந்து எழுதினாரா என்பது ஐயத்துக்குரியது. உணராது எழுதினும் உண்மை உண்மையே. பால்சாக்கைப் பற்றி ஏங்கெல்ஸ் கூறியதை நன்கறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் கெய்ரோஸ் 1964ஆம் ஆண்டின் இராணுவச் சதியை ஆதரித்தார் என்ற காரணத்துக்காக 1930இல் அவர் கண்டதை நாம் காணாமல் விடலாகாது.

அவர் கண்டவற்றுள் முக்கியமானது போர்ட்டலேசாவின் அகதி முகாம். கதாநாயகியாகிய ஆசிரியை கொன்சேய்சாவோ அங்கே தொண்டு செய்யச் செல்கிறாள்; சீக்கோ பெந்தோவின் குடும்பத்தை அங்கேதான் சந்திக்கிறாள். 1877இன் கூட்டத்தைக் கண்டு அஞ்சிய நகரத்தார், 1915இல் அகதிகளை நகரெல்லையிலே வேலிக்குள் அடைத்தனர். 'கொன்சென்ட்ரேஷன் முகாம்' என்றே அதற்குப் பெயரிட்டனர். ஜெர்மனியின் நாசிகள் அச்சொல்லுக்கு உலகப் பிரசித்தி தேடிக்கொடுப்பதற்கு முன்னரே. 1932இன் வரட்சியின்போது இத்தகைய முகாம்கள் செயராவில் ஏழாகப் பெருகின. அகதிகள் தலைநகரை அடையுமுன் தடுக்கவென்று புகையிரதப் பாதையை அண்டியே அவற்றை அமைத்தனர். மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'அரசாங்கப் பட்டி'. பட்டி என்பது மாடு அடைக்கும் இடம்.

இனி, இவ்விலக்கியத்தின் சிகரமாகிய கிராசிலியானோ ராமோஸின் 'விடாஸ் செக்காஸ்' என்ற நாவலை நோக்குவோம். 'வரண்ட வாழ்வுகள்' எனலாம். 1938இல் வெளிவந்தது. ஆசிரியர் 1892இல் அலகோவாஸ் மாநிலத்திற் பிறந்தவர். ஒரு சிறு நகரின் மேயராக இருந்து, மாநில ஆளுநருக்கு அவர் எழுதிய ஆண்டறிக்கைகளின் நடைச்சிறப்பைக் கண்டே ஒரு பதிப்பாளர் அவரிடம் கதை ஏதும் உண்டா என்று தேடினார். பின்னர் மாநிலக் கல்விப் பணிப்பாளராக இருந்தபோது 1936இல், வார்காஸ் ஆட்சியினால், விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டார். விடுதலையானபின் றியோ நகரின் ஒரு விடுதி அறையிலே, குடும்பச் செலவுக்காக, இந்நாவலின் அத்தியாயங்களைத் தனித்தனிக் கதைகளாக எழுதிப் பத்திரிகைகளுக்கு விற்றார். 1945இல் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார், 1953இல் காலமானார்.

தனித்தனியே விற்கப்பட்ட அத்தியாயங்கள் என்பதால், கழற்றிப் பூட்டக்கூடிய நாவல் என்று அக்காலத்து எழுத்தாளரொருவர் இதனை வர்ணித்தார். உருவம் வேறு உள்ளடக்கம் வேறு எனப் பிரித்து வாதிடுவோர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். கூலிக்கு எழுதவேண்டிய நெருக்கடியிற் பிறந்த அவ்வுருவம், நாளை என்பதைத் திட்டமிட முடியாத ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பதின்மூன்று அத்தியாயங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கதைத் தொடர்ச்சி மிகச் சொற்பம். மாட்டுக்காரன் பபியானோ, அவன் மனைவி சிஞ்ஞா விற்றோரியா, பெயரில்லாத இரண்டு பையன்கள், நாய் பலேயா. பலேயா என்றால் திமிங்கிலம். கடலுக்கு வெகுதூரத்திலே, வற்றிய ஆற்றுப் படுக்கையிலே திரியும் எலும்பும் தோலுமான நாய்க்கு அப்பெயர். ஒரு கிளியும் இருந்தது. கதை தொடங்குமுன்பே அதனைத் தின்றுவிட்டார்கள். பேச்சறியாத குடும்பத்தில் வளர்ந்த கிளி ஆதலால் அது நாயைப் போலக் குரைக்கப் பழகியிருந்தது என்பதைப் போகிற போக்கில் ஆசிரியர் சொல்லிச் செல்கிறார்.

நாவலின் மையம் என நாம் கருதுவது 'கணக்குகள்' என்ற அத்தியாயம். பட்டியிற் பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்றும், ஆட்டுக்குட்டிகளில் மூன்றில் ஒன்றும் பபியானோவின் பங்கு. சொந்தமாகத் தோட்டம் இல்லாததால் சந்தையில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அதற்காக, கிடைத்த கன்றுக்குக் குறிசுடுமுன்பே அதனைப் பண்ணைக்காரனுக்கே மலிந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறான். கணக்குத் தீர்க்கும் நாளுக்கு முன் சிஞ்ஞா விற்றோரியா அடுக்களைத் தரையிலே பலவகை விதைகளைப் பரப்பி, கூட்டியும் கழித்தும், வரவேண்டிய தொகையைக் கண்டு சொல்கிறாள். பண்ணைக்காரனின் தொகை அதனோடு பொருந்துவதில்லை. ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில்: வட்டி. மனைவியின் மூளையில் பபியானோவுக்குப் பூரண நம்பிக்கை. ஆகவே காகிதத்தில் எங்கோ பிழை இருக்கவேண்டும் என்று வெகுண்டு பேசுகிறான். வேறிடம் பார்த்துக்கொள் என்கிறான் பண்ணைக்காரன். உடனே பபியானோ அடங்கி, மன்னிப்புக் கேட்டு, தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். ஒருமுறை பன்றி வளர்த்துச் சந்தையில் இறைச்சி விற்கப் போனபோது நகரசபையின் ஆள் வரி கேட்டதும், அபராதம் விதித்ததும், அதன்பின் அவன் பன்றியே வளர்க்காததும் அதே அத்தியாயத்தில் நினைவாக வருகின்றன. இவையெல்லாம் நடப்பது மழை பெய்த நல்ல ஆண்டிலே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். புல் பச்சையாக இருக்கிறது, மாடு கொழுத்திருக்கிறது. வரட்சி வரும்போது பபியானோவிடம் சேமிப்பாக ஒரு கன்றுகூட இல்லாதிருப்பதற்குக் காரணம் அந்த நல்ல ஆண்டின் கணக்கே.

கடைசி அத்தியாயத்தில் குடும்பம் விடியுமுன் ஓடிப்போகிறது. பண்ணைக்காரனிடம் விடைபெறாமல், தீர்க்கவே முடியாத கடனுக்கு அஞ்சி. சூரியனுக்கு அஞ்சி ஓடுபவன் இருளிலே ஓடவேண்டியதில்லை.

'மாரி' என்ற அத்தியாயத்தைப் பெரும்பாலோர் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். இடைவிடா மழை, ஆறு பெருகி வருகிறது, குடும்பம் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருக்கிறது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் மேட்டுக்கு ஏறிக் காட்டு விலங்குகளைப் போல் வாழ நேரும் என்று சிஞ்ஞா விற்றோரியா அஞ்சுகிறாள். பபியானோவோ மகிழ்கிறான், ஏனெனில் மழை பெய்யும்வரை வரட்சி வராது. காய்ந்தால் ஓட வேண்டும், பெய்தால் ஏற வேண்டும் என்ற இந்நிலையை ராமோஸ் ஒரே சிறு வீட்டுக்குள் வைத்துக் காட்டியிருப்பது நுட்பமானது. இரண்டுக்கும் ஆளாவது அதே குடிசைதான்.

இந்நாவலின் மீது இடதுசாரி விமர்சகர் சிலர் சாட்டும் குற்றம் ஒன்றுண்டு: நம்பிக்கை வரட்சி. பபியானோ போராடவில்லை, தன்னைச் சூதாட அழைத்துப் பின் சிறையிலிட்டு அடித்த சிப்பாயை ஓராண்டுக்குப் பின் காட்டிலே தனியே காண்கிறான், கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, இருந்தும் வழிகாட்டி அனுப்பிவிடுகிறான். இது என்ன முற்போக்கு என்பது கேள்வி. கேள்வி நேர்மையானதே. ஆயினும் 1938இன் செர்த்தாவோவில் ஒரு தனி மாட்டுக்காரன் சிப்பாயை வெட்டினால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது சிறையிலிருந்து மீண்ட ஆசிரியருக்குத் தெரியாததன்று. இல்லாத எழுச்சியை எழுதிக் காட்டுவது வாசகரின் மனத்தைச் சாந்தப்படுத்தும்; பபியானோவுக்கு உதவாது. ராமோஸ் அவனுக்கு அளித்தது வேறொன்று. தான் ஏமாற்றப்படுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். எப்படி ஏமாற்றப்படுகிறோம் என்பதைச் சொல்லச் சொற்கள் இல்லை. மூத்த பையன் 'நரகம்' என்றால் என்ன என்று கேட்டுத் தாயிடம் குட்டு வாங்குகிறானே, அந்தச் சொல் வறுமையும் நீர் வறுமையும் நாவலிலே ஒன்றாகவே நடக்கின்றன. கல்விப் பணிப்பாளராக இருந்தவர் எழுதிய நாவல் இது என்பது அவ்விடங்களிலே தெரிகிறது.

1963இல் நெல்சன் பெரெய்ரா டோஸ் சான்டோஸ் இந்நாவலைப் படமாக்கினார். (சில ஆண்டுகளுக்கு முன் அவர் இதனைத் தொடங்கச் சென்றபோது மழை பெய்து காட்டிங்கா பச்சையாகிவிட்டதால், அப்போதைக்கு வேறொரு படத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்.) சங்கீதத்துக்குப் பதிலாக மாட்டுவண்டிச் சக்கரத்தின் கிரீச்சொலி காதை அறுக்கும். 1964இல் கான் திரைப்பட விழாவிலே, பலேயாவைச் சுடும் காட்சிக்காக நாயை உண்மையிலேயே கொன்றுவிட்டார்கள் என்று சிலர் கொதித்தெழ, உயிரோடிருக்கும் நாயை விமானத்தில் வரவழைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பபியானோவைப் போன்றோர் அவ்வாண்டு எங்கே, எவ்வாறு உயிரோடிருந்தனர் என்று விழாவில் யாரும் சான்று கேட்டதாகத் தெரியவில்லை.

இலக்கியம் இவ்வளவு தெளிவாகக் கண்டதை அரசு எவ்வாறு கண்டது? 1909இல் வரட்சிக்கு எதிரான வேலைகளுக்கென ஒரு திணைக்களம் நிறுவப்பட்டது. பெயர் பலமுறை மாறினும் 'எதிரான' என்ற சொல் மாறவில்லை. எதிரி வானம், ஆயுதம் அணைக்கட்டு. சீக்கோ பெந்தோ புறப்பட்ட கிஷடா பகுதியிலேயே செட்ரோ என்ற பேரணை 1906இல் முடிந்திருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து வந்த வரட்சியில் அஃது அவனுடைய பிள்ளைகளுக்கு எவ்விதத்திலும் பயன்பட்டதாக நாவலில் இல்லை. அடுத்த பல தசாப்தங்களில் எண்ணற்ற அணைகள் எழுந்தன. அவற்றிற் பல, அரசு மானியத்துடன் பெருநிலக்காரரின் சொந்தக் காணிகளுக்குள்ளேயே கட்டப்பட்டன. 1960இல் ஓறோஸ் அணை கட்டி முடியுமுன்பே பெருமழையினால் நீர் மேவி உடைந்து, வரட்சிக்கெனக் கட்டியதே வெள்ளத்துக்குக் காரணமாயிற்று.

1946இல் வெளிவந்த 'பசியின் புவியியல்' என்ற நூலில் ஜோசுவே டி காஸ்ட்ரோ பசி என்பது மனிதன் உண்டாக்கியது என்று நிறுவினார். 1959இல் அந்தோனியோ கல்லாடோ என்ற நாவலாசிரியர் செர்த்தாவோவிலிருந்து எழுதிய பத்திரிகைக் கட்டுரைகள், நிவாரணப் பணம் யார் பைக்குச் செல்கிறது என்பதை அம்பலமாக்கின. 'வரட்சித் தொழில்' என்ற தொடர் அதன்பின் பிறேசிலில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் பொருளியலாளர் செல்சோ புர்ட்டாடோ வழிநடத்திய அரசாங்க அறிக்கை, அணைகள் மாட்டைக் காப்பாற்றின, மனிதனின் உணவைக் காப்பாற்றவில்லை என்று காட்டியது. வரட்சியில் முதலில் அழிவது வாரக்குடியானவனின் சோளமும் அவரையுமே. பண்ணையின் மாடும் பருத்தியும் அவ்வளவுக்கு அழிவதில்லை. விசென்தேயின் மாடுகளையும் சீக்கோ பெந்தோவின் பிள்ளைகளையும் அடுத்தடுத்து வைத்த நாவல் இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதும் இதுவே. 1964இன் சதிக்குப் பின் காஸ்ட்ரோ, புர்ட்டாடோ இருவரும் நாடுகடந்து வாழ நேர்ந்தது. காஸ்ட்ரோ 1973இல் பாரிசிலேயே இறந்தார்.

மாற்றம் கீழிருந்து வந்தது. சாவோ பாவுலோவுக்குப் பிழைக்கப் போய் அங்கே செல்வர்க்கு நீச்சல் தடாகம் கட்டும் வேலை செய்த சேர்ஜிப்பே மாநிலத்து மேசன் ஒருவர், ஊர் திரும்பி, அதே தொழில்நுட்பத்தினால் சீமெந்துப் பலகைகளைக் கொண்டு வட்டமான மழைநீர்த் தொட்டியைக் கட்டினார். 1999இல் நூற்றுக்கணக்கான குடியானவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் திருச்சபைக் குழுக்களும் ஒரு கூட்டமைப்பாகி, 'வரட்சியை எதிர்த்தல்' என்ற பழஞ்சொல்லைக் கைவிட்டு 'வரண்ட நிலத்தோடு கூடி வாழ்தல்' என்ற சொல்லை முன்வைத்தன. 2003இல் பத்து இலட்சம் தொட்டிகள் என்ற திட்டம் அரசின் ஆதரவுடன் தொடங்கியது.

கணக்கு எளிது. நாற்பது சதுர மீற்றர்க் கூரையில் 400 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 16,000 லீற்றர். தொட்டியின் கொள்ளளவும் அதுவே. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மழையற்ற எட்டு மாதங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் போதும். தண்ணீர் சுமந்து மைல் கணக்கில் நடந்தவர்கள் பெண்கள் ஆதலால், தொட்டிக்கான கிராமக் குழுக்களில் அவர்களே முன்னின்றனர். சிலர் மேசன் வேலையும் கற்றனர். அடுக்களைத் தரையில் விதைகளை வைத்துக் கூட்டிக் கழித்த சிஞ்ஞா விற்றோரியாவுக்கு இந்தக் கணக்குக் கடினமாக இருந்திராது.

2012 முதல் 2017 வரை செர்த்தாவோ கண்ட வரட்சி, பதிவிலுள்ள மிகக் கடியவற்றுள் ஒன்று. மாடுகள் பெருந்தொகையாக மாண்டன. மனிதர் 1877இலோ 1915இலோ போல மாளவில்லை, நெடுந்தெருக்களில் அகதிக் கூட்டம் இல்லை, பட்டி இல்லை. இதற்குத் தொட்டி மாத்திரம் காரணம் என்பது மிகைக்கூற்று. 1988இன் அரசியலமைப்பு விரிவாக்கிய கிராம முதியோர் ஓய்வூதியம், வறிய குடும்பங்களுக்கான மாதாந்த உதவிப்பணம், பயிர் அழிந்த சிறு விவசாயிக்கு 2002 முதல் வழங்கப்பட்ட காப்புப்பணம் ஆகியவற்றின் பங்கு பெரிது. ஆயினும் தொட்டி செய்த காரியம் ஒன்றைத் தனியே குறிப்பிடல் வேண்டும். முன்னெல்லாம் தண்ணீர் பவுசரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவரே எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பது என்றும் தீர்மானித்தார். 2012இன் உள்ளூராட்சித் தேர்தலையொட்டி நடந்த ஆய்வொன்று, தொட்டி பெற்ற குடும்பங்கள் அரசியல்வாதிகளிடம் தனிப்பட்ட உதவி கேட்பது குறைந்ததையும், பதவியிலிருந்த மேயர்களுக்கு விழுந்த வாக்குகள் குறைந்ததையும் காட்டியது.

2011இல் அரசு திடீரென ஆலையிற் செய்த பிளாஸ்டிக் தொட்டிகளை வாங்க முற்பட்டபோது குடியானவர் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்ததன் காரணமும் இதுவே. பிளாஸ்டிக் வெயிலில் வளைந்தது என்பது ஒன்று. தாம் கட்டியது, தம் ஊர் மேசனுக்குக் கூலி தந்தது, மீண்டும் மேலிருந்து இறங்கும் தருமமாவது மற்றொன்று. 2016க்குப் பின் இத்திட்டத்தின் நிதி வெட்டப்பட்டு ஏறக்குறைய நின்றே போனது. 2023இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

தொட்டி நிலச்சீர்திருத்தம் ஆகாது. பதினாறாயிரம் லீற்றர் நீர் பபியானோவின் தாகத்தைத் தீர்க்கும். மாடும் நிலமும் எவருடையன என்ற கேள்வியைத் தொடாது. செர்த்தாவோவின் நிலம் இன்றும் சிலர் கையிலேயே பெரும்பாலும் குவிந்துள்ளது. ராமோஸின் நாவல் பழையதாகாமைக்கு இதுவே காரணம் என்பது எமது எண்ணம். அதனை வகுப்பிலே எடுப்போர் வழக்கமாக நாயின் மரணத்தைப் பற்றிய அத்தியாயத்தைத் தேர்கின்றனர். மாணவர் கண்ணீர் விடுவர், அதிலே தவறொன்றுமில்லை. அடுத்த பாடத்துக்குக் 'கணக்குகள்' அத்தியாயத்தை எடுத்து, கரும்பலகையிலே எழுதலாம்: நான்கு கன்றில் ஒன்று பபியானோவுக்கு, குறிசுடுமுன் அது கடனுக்குப் போகிறது, கடனுக்கு வட்டி, வட்டியின் வீதம் பண்ணைக்காரனுக்கு மட்டுமே தெரியும். எத்தனை நல்ல மழை ஆண்டுகள் கழிந்தால் அவனுக்குச் சொந்தமாக ஒரு மாடு இருக்கும் என்று கணித்துச் சொல்லும்படி மாணவரைக் கேட்கலாம்.